கெட்டிமேளத்தை மீறி ஒலித்த மணி

சென்ற ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கிள்ளானில் எங்கள் சங்கத்துக்குச் சொந்தமான திருமண மண்டபத்தில், என் தமக்கை மகனுடைய இளைய மகளுக்குத் திருமணம் நடந்தது. நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் அச்சங்கத்தின் தலைமைப் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆகவே அன்று நான் மணமகளுக்குத் தாத்தா முறை மட்டுமல்லன். அந்த மண்டபத்துக்கும் பொறுப்பாளன். அவ்விரண்டு பொறுப்புகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட நாள் அது.

மண்டபம் முதல் மாடியில் இருக்கிறது. கீழே உணவுக்கூடமும் சமையற்கட்டும், மேலே மணவறை, மணவறைக்குப் பின்னால் அலங்காரப் பொருள்கள் வைக்கும் சிற்றறை. முன்புறம் ஓர் அகன்ற படிக்கட்டு, பின்புறம் ஒரு குறுகிய படிக்கட்டு, முதியோருக்கென ஒரு சிறு மின்தூக்கி. திருமணங்களில் ஓமம் வளர்ப்பார்கள். ஓமம் வளர்த்தால் புகை எழும். புகை எழுந்தால் கூரையிலுள்ள புகை உணரி அதை உணர்ந்து தீ எச்சரிக்கை மணியை அடிக்கும். அதனால் இந்நாட்டு மண்டபங்கள் பலவற்றிலும் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. ஐயர் சமித்துகளைக் கையில் எடுத்ததும் காவலர் ஓடிப்போய்க் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சாவியைத் திருப்பி மணியை ஊமையாக்கிவிடுவார். சாப்பாடு முடிந்து, வாழைமரம் அவிழ்த்து, கணக்குத் தீர்த்த பிறகு நினைவு வந்தால் மீண்டும் திருப்புவார். எங்கள் மண்டபமும் நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. அழையா விருந்தாளிகள் நுழைந்துவிடக் கூடாதென்று பின்கதவில் சங்கிலியும் தொங்கும். தீயணைப்பான் என்ற சிவப்பு உருளை எங்களுக்குப் பயன்பட்டதெல்லாம் கதவு மூடிக்கொள்ளாதபடி முட்டுக் கொடுப்பதற்கு மட்டுமே.

இவற்றையெல்லாம் மாற்றியவர் எங்கள் செயலாளர். கட்டடங்களின் தீப்பாதுகாப்பை வடிவமைக்கும் பொறியாளர். இரு பிள்ளைகளின் தாய். கூட்டங்களில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாதவர். பொறுப்பேற்ற முதல் கூட்டத்திலேயே அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, மணவறை மணிய மட்டும் ஓஃப் பண்றோம்னு நெனைக்கிறோம். கிச்சன், ஸ்டோர், படி எல்லாம் அதோட சேந்து செவிடாயிடுதே. மண்டபம் நெறைஞ்சி இருக்கிற நேரமா பாத்து செவிடாக்குறோமே, அது சரியா?"

அவரே வரைபடம் வரைந்து, பொம்பா என்று இங்கே எல்லாரும் அழைக்கும் தீயணைப்புப் படையினரின் ஒப்புதலும் பெற்று, மணவறைக்கு மேலே புகை உணரிகளை நீக்கி வெப்ப உணரிகளைப் பொருத்தச் செய்தார். அவை புகைக்கு ஒலிக்க மாட்டா. கூரையடியில் வெம்மை வரம்பு மீறினால் மட்டுமே ஒலிக்கும். மற்ற இடங்களில் புகை உணரிகள் அப்படியே இருந்தன. புகையை வெளியே இழுக்கப் பெரிய மின்விசிறி ஒன்று வந்தது. பின்கதவின் சங்கிலி போயிற்று; உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவு வந்தது. சிற்றறைக்குத் தீயைச் சற்று நேரம் தாங்கக்கூடிய, தானே மூடிக்கொள்ளும் கதவு. இவ்வளவும் ஆன பின் மணியை எவருக்காகவும் நிறுத்துவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றினோம். அதில் கையொப்பமிட்டவன் நான்.

அடுத்து, சங்கக் குடும்பங்களை வைத்துத் தீ ஒத்திகை நடத்தினோம். மணி அடித்ததும் எல்லாரும் ஒழுங்காக எழுந்தார்கள். படிக்கட்டு வாயிலில் வந்து அப்படியே நின்றுவிட்டார்கள். காரணம் புகையுமன்று, அச்சமுமன்று; செருப்பு! எங்கள் மண்டபத்தில் காலணியுடன் நுழைவதில்லை. படிக்கட்டின் தலைமாட்டிலேயே அவிழ்த்துவிடுவது வழக்கம். ஒவ்வொருவரும் குனிந்து தம் இணையைத் தேட, பின்னால் வந்தவர்கள் முதுகில் முட்டி நிற்க, படிக்கட்டு முழுதும் அடைபட்டது. மகளிர் பிரிவைச் சேர்ந்த ஓர் அம்மையார் மட்டும் விடாமல் தேடிக்கொண்டிருந்தார்.

"நேத்துதான் பாசார்ல வாங்குன சிலிப்பர். அத விட்டுட்டு எப்படி போறது?"

"அக்கா, காலு ரெண்டும் பத்திரமா இருந்தாதானே சிலிப்பர் போட முடியும்!" என்றார் செயலாளர்.

படிக்கட்டே சிரிப்பால் அதிர்ந்தது. மறுவாரமே காலணி அடுக்குகள் கட்டடத்துக்கு வெளியே, வழியை விட்டு ஒதுங்கிய சுவரோரம் இடம்பெயர்ந்தன. அந்த அம்மையாரையே படிக்கட்டுக்குப் பொறுப்பாளராக்கினோம்.

இனி மணமகளின் தந்தையை, என் தமக்கை மகனான மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிள்ளானை அடுத்த பண்டமாரானில் வசிப்பவன், துறைமுகச் சரக்குப் போக்குவரத்துத் தொழில். அவனுடைய மூத்த மகளின் திருமணம் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மண்டபத்தில் நடந்தது. அங்கே சாவியைத் திருப்ப மறந்துவிட்டார்கள் போலும். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த அதே நொடியில் ஓமப் புகையால் மணி அடித்தது. தீ ஏதும் இல்லை. ஆனால் அந்தத் திருமணம் இரண்டு ஆண்டுகளில் முறிந்துபோயிற்று. உறவினர் நாக்குக்கு அது போதாதா? மணி அடித்த கல்யாணம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதன்பின் அந்தப் பெண் உறவினர் வீட்டு விழாக்களுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள்.

அதனால் இளையவளின் திருமணத்துக்கு எங்கள் மண்டபத்தைப் பதிவு செய்தபோதே அவன் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. தலைவர் தன் தாய்மாமன். ஒரு சொல்லில் காரியம் முடிந்துவிடும். அவன் வீட்டுக்கு நான் போயிருந்த அன்று, பத்திரிகையை நீட்டிக் கும்பிட்ட கையோடு கேட்டான்.

"மாமா, ஒரு மணி நேரம் அந்த அலாம ஓஃப் பண்ணிடுங்க. அவ்ளோதான். யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்த ஒரு மணி நேரத்தில்தானப்பா மண்டபத்தில் ஆள் நிறைந்திருக்கிறது" என்றேன்.

"நீங்க பொஸ்தகத்துல இருக்கிற மாதிரியே பேசுங்க. இது என் புள்ளயோட வாழ்க்க மாமா."

நான் அசையவில்லை. வெப்ப உணரியைப் பற்றி விளக்கினேன். அவன் காதில் விழவில்லை. ஆவணியில் வேறு மண்டபமும் கிடைக்காது. வாசல்வரை வந்து வழியனுப்பியவன், நான் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னான்: "தாய்மாமனா வர்றீங்களா, இல்ல தலைவரா வர்றீங்களா? முடிவு பண்ணிக்கிட்டு வாங்க."

பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பும் தொடர்வண்டியில் அந்தச் சொல் என்னோடு கூடவே வந்தது. அவனுடைய அச்சம் மூடநம்பிக்கை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஒரு மகளின் வாழ்வு உடைந்ததைக் கண்ட தந்தையின் அச்சம் அது. அதற்காக விதியைத் தளர்த்தவும் என்னால் முடியவில்லை.

செயலாளரிடம் சொன்னேன். அவர் சற்றும் சலித்துக்கொள்ளவில்லை. திருமணத்துக்கு முந்திய வாரம் மருமகனை மண்டபத்துக்கு வரவழைத்து, ஐயரையும் அழைத்து, மணவறையில் உண்மையாகவே ஓமம் வளர்க்கச் செய்தார். ஐயரும் அன்றைக்கென்று ஈரச் சமித்துகளாகப் பொறுக்கி எடுத்து நெய்யை அள்ளி வார்த்தார். எங்கள் எல்லாருக்கும் கண்ணீர் வழிந்தது. மணி வாய் திறக்கவில்லை.

மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "அன்னிக்கி அடிச்சிட்டா?"

"அன்னிக்கி அடிச்சா, நெஜமாவே எங்கயோ தீ இருக்குன்னு அர்த்தம் அண்ணே" என்றார் செயலாளர்.

திருமண நாள். மண்டபம் நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை வீட்டார் சுங்கை பூலோவிலிருந்து பேருந்துகளில் வந்து இறங்கியிருந்தார்கள். ஓமம் எழுந்தது, புகை மேலேறி விசிறியின் வழியே வெளியேறியது. மருமகன் கூரையை அண்ணாந்து பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தான். நேரம் செல்லச் செல்ல அவன் முகம் மலர்ந்தது. தாலித் தட்டு ஆசி பெறுவதற்காக அவையைச் சுற்றி வந்து மணவறைக்குத் திரும்பியது.

அப்போது மணி அடித்தது.

அவன் முகத்தில் குருதி வற்றியதை நான் கண்டேன். அடுத்த நொடி அவன் செய்த செயல் நம்மவர் மட்டுமே செய்யக்கூடியது. தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ அமங்கலச் சொல்லோ காதில் விழக் கூடாதென்றுதான் கெட்டிமேளம் கொட்டுகிறோம். அவன் மேளக்காரர்களை நோக்கி விரலை ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினான். அவர்களும் கேட்ட வேகத்தில் வெளுத்து வாங்கிவிட்டார்கள். தவிலிலும் நாகசுரத்திலும் எச்சரிக்கை மணி மூழ்கிப்போயிற்று. மேளம் கேட்டதும் அவையோர் எழுந்து அட்சதையைத் தூவினார்கள். மாப்பிள்ளை தலையில் அரிசி விழ, எதுவும் விளங்காமல் விழித்தார். தாலி இன்னும் தட்டிலேயே இருந்தது. என் அருகில் நின்ற ஓர் ஆன்டி, "கட்டியாச்சா? நான் பாக்கவே இல்லயே!" என்று அங்கலாய்த்தார்.

என் வயதுக்கு நான் மேடையேறிய விரைவு எனக்கே வியப்புத்தான். தவிலின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். தவில்காரர் அதிர்ந்துபோனார். "என்னா ஐயா, நல்ல காரியத்துல..." என்று தொடங்கியவரை, "நிறுத்துங்கள்" என்ற ஒரே சொல்லால் நிறுத்தினேன். நாகசுரமும் ஓய்ந்தது. அவ்வளவு பெரிய அவையில் மணி மட்டும் தெளிவாக ஒலித்துக்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்த செயலாளர் ஒலிவாங்கியை எடுத்தார். கூட்டத்தில் பேசும் அதே குரல். "எல்லாரும் கேளுங்க. பின்னால ஸ்டோர்ல தீப்பிடிச்சிருக்கு. ரெண்டு படியும் தெறந்திருக்கு. நடந்து போங்க, ஓடாதீங்க. லிஃப்ட் வேணாம். சாமான் எடுக்காதீங்க, சிலிப்பர் தேடாதீங்க."

ஒருவரும் நகரவில்லை. எல்லார் கண்களும் மணவறையின் மேல் இருந்தன. தாலி ஏறுமுன் மணமக்களை விட்டுவிட்டு எழுந்து போவதா? மருமகன் தாலித் தட்டைப் பற்றிக்கொண்டான். "ஒரே நிமிசம். மாப்ள, எடுங்க, கட்டிருங்க. கட்டிட்டுப் போயிரலாம்."

மணமகள் எழுந்தாள். முகூர்த்தப் புடவையின் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மறு கையால் தந்தையிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள். "நாங்க எந்திரிக்காம இங்க யாரும் எந்திரிக்க மாட்டாங்கப்பா. கீழ போயி கட்டிக்கலாம். வாங்க."

அவள் மணவறையை விட்டு இறங்கியதும் மண்டபமே இறங்கத் தொடங்கியது. முன்படிக்கட்டை ஒட்டியிருந்தவர்கள் அதற்கும் மற்றவர்கள் பின்படிக்கட்டுக்கும் தாமாகவே பிரிந்தார்கள். ஒத்திகைக்கு வந்திருந்த குடும்பத்தார் வரிசைகளுக்கு நடுவே நின்று வழிகாட்டினார்கள். படிக்கட்டுத் தலைமாட்டில் அந்தச் செருப்பு அம்மையார் இரு கைகளையும் விரித்துக்கொண்டு, "நேரா போங்க, நேரா போங்க! சிலிப்பர் எங்கயும் ஓடிப் போவாது!" என்று கூவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தோழர்கள், சக்கர நாற்காலியில் இருந்த அவருடைய அத்தையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். "டேய், மொள்ள! நான் என்னா அரிசி மூட்டையா?" என்று அவர் வைதபடியே போனார். கீழே சமையற்காரர்கள் எரிவாயுவை அடைத்துவிட்டு வெளியேறியிருந்தார்கள்.

கழிவறைகளைப் பார்த்துவிட்டுச் செயலாளரும் நானும் கடைசியாக இறங்கினோம். திரும்பிப் பார்த்தேன். சிற்றறைக் கதவின் மேல் இடுக்கிலிருந்து கரும்புகை கசிந்து, நாங்கள் சற்று முன் நின்ற மேடையின் பின்திரையைத் தொட்டுவிட்டிருந்தது. அதன்பின் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எதிரிலிருந்த வண்டி நிறுத்துமிடத்தில் எல்லாரும் கூடினோம். பட்டும் பொன்னும் மல்லிகையுமாக, வெறுங்காலோடு தாரில் நின்ற கூட்டம். ஒவ்வொரு குடும்பமும் தன் ஆள்களை எண்ணிச் சரிபார்த்தது. யாரும் விடுபடவில்லை, யாரும் விழவில்லை, ஒரு குழந்தைக்குக்கூடச் சிராய்ப்பில்லை. பொம்பா வண்டிகள் ஊளையிட்டு வந்து நின்றன. வீரர்கள் குழாய்களை இழுத்துக்கொண்டு மேலே ஓடினார்கள்.

மருமகன் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். நான் அருகில் போனேன். "ரெண்டாவது புள்ளைக்கும் அடிச்சிருச்சி மாமா" என்றான். அவன் தோளில் கை வைத்து நின்றேன். மாப்பிள்ளையின் தந்தை எங்களை நோக்கி வருவதைக் கண்டதும் அவன் பதறி எழுந்து கைகூப்பினான்.

அவர் அந்தக் கூப்பிய கைகளைப் பிடித்து இறக்கினார். "சம்பந்தி, எங்க வீட்டு ஆளுங்க ரெண்டு பஸ்ஸு. எல்லாரையும் முழுசா கீழ எறக்கிட்டா உங்க பொண்ணு. என் தங்கச்சி வேற நாற்காலில உக்காந்துகிட்டு வந்தவ. இதுக்கு மேல எனக்கு என்னா சகுனம் வேணும், சொல்லுங்க?" பிறகு ஐயர் பக்கம் திரும்பி, "சாமி, நேரம் இருக்கா?" என்றார்.

நேரம் இருந்தது. அக்கினி சாட்சிதான் இல்லை. ஐயர் சற்று நின்று எண்ணிப் பார்த்தார். பின் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நேரே தீயணைப்பு அதிகாரியிடம் போனார். தீயை அணைக்க வந்தவரிடம் தீ மூட்ட இசைவு கேட்ட மனிதரை நான் அன்றுதான் கண்டேன். "என்சே, ஆப்பி கெச்சில், போலே?" ஐயா, சிறு தீ, ஆகுமா என்று மலாயில் கேட்டுவிட்டு, விரல் நுனியால் அளவும் காட்டினார். மலாய்க்காரரான அதிகாரி ஐயரைப் பார்த்தார். தட்டோடு நிற்கும் மணமகளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு விரலை உயர்த்தினார். "சத்து சாஜா." ஒன்றே ஒன்று.

கட்டடத்துக்கு வெகுதொலைவில், வேலியோரத்தில் ஒற்றை அகல் ஏற்றப்பட்டது. இளம் தீயணைப்பு வீரர் ஒருவர் கையில் சிவப்பு உருளையோடு அதன் அருகே விறைப்பாகக் காவல் நின்றார். அந்தச் சுடரின் முன்னே மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். தவில்காரர் என்னை ஓரக்கண்ணால் பார்த்து, நான் தலையசைத்த பிறகே குச்சியை உயர்த்தினார். அட்சதை மேலேயே தீர்ந்துபோயிருந்ததால் பெண்கள் தம் தலையிலிருந்த மல்லிகையைக் கிள்ளித் தூவினார்கள். அதில் பாதி அந்த வீரரின் தலைக்கவசத்தின் மேல்தான் விழுந்தது.

தீயைச் சிற்றறைக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். அலங்காரக்காரர்கள் ஒரே மின்செருகியில் பல விளக்குச் சரங்களைக் கோத்துவிட்டிருக்கிறார்கள். அது சூடேறி அருகிலிருந்த அலங்கார நுரைப்பலகைகளில் தீப்பற்றியிருக்கிறது. நுரைப்பலகையின் புகை நஞ்சு என்றும், அந்தக் கதவு மூடியிருந்ததும் மணி உடனே ஒலித்ததுமே எங்களைக் காத்தன என்றும் அதிகாரி சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் செயலாளருக்கு விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார். அதுவரை கலங்காதிருந்த செயலாளர் அப்போதுதான் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டார்.

மறுவாரம் மறுவீட்டு விருந்துக்குப் பண்டமாரானுக்குப் போனேன். முறிந்த மணத்துக்குப் பின் எந்த விழாவுக்கும் வராத மூத்த மகள் அன்று அடுக்களையிலிருந்து பாயசக் கிண்ணத்தோடு வந்து எல்லாருக்கும் பரிமாறினாள். மருமகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னான். "அவகிட்ட சொல்லிட்டேன் மாமா. உன் கல்யாணத்துல அடிச்சது வெறும் பொக மணி, அதுக்கும் உன் வாழ்க்கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு. இத்தன வருசம் அத நான் சொல்லவே இல்ல மாமா." பாயசத்தை ஒரு வாய் பருகிவிட்டு, "அடுத்த ஒத்திகை எப்ப? நானும் வரேன்" என்றான்.

நம்மவர் கூட்டம் என்றாலே கூச்சலும் நெரிசலும்தான் என்று பிறர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம்மவரே சொல்லவும் கேட்டிருக்கிறேன். இனி எவர் சொன்னாலும், பட்டுடுத்திப் பூச்சூடி, முன்னே போகிறவரின் தோளை இடிக்காமல், முதியோருக்கு வழிவிட்டு, அந்தப் படிகளில் இறங்கி வந்த அத்தனை முகங்களும் என் கண்முன் வந்து நிற்கும். நான் வாழ்நாளில் கற்பித்த எதைக் காட்டிலும் அவர்கள் அன்று நடந்த நடையையே என் பெருமையென்று சொல்லிக்கொள்வேன்.